ஐந்தாவது இடத்தில் ஒரு பிட்சர்

1. ஒன்பதரை மணி

"அக்கா, இங்க பாருங்க! அஞ்சாவது பேட்டர் எடத்துல ஒரு பிட்சர் பேரு வந்திருக்கு. புரோகிராம் லாக் ஆயிடுச்சு!"

செந்தில் இப்படிக் கத்தியபோது லண்டனில் காலை ஒன்பதரை, ஜப்பானில் மாலை ஐந்தரை. ஆட்டம் தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது.

2009 செப்டம்பர். அப்டன் பார்க்கில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒப்பீஸ். சுவிஸிலிருந்து வந்த நேசன் அண்ணை நடத்திய கம்பனி அது. ஆட்டங்களின் லைன்-அப்பையும், அதாவது யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்ற பட்டியலையும், ஸ்கோரையும் பந்தயக் கம்பனிகளுக்கு உடனுக்குடன் அனுப்புவது தொழில். லண்டன் காலை வேளையில் பந்தயக்காரர்களுக்குக் கிடைக்கும் பெரிய ஆட்டம் ஜப்பானிய பேஸ்பால்தான். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் அறியாத நாங்கள் அதில் தலையைக் கொடுத்தது அப்படித்தான். போர் முடிந்த அந்த வருஷம் எங்கள் ஈழத்துச் சனத்தில் எவருக்கும் ஒழுங்கான நித்திரை கிடையாது. வேலைக்கு வந்தால்தான் ஊர்ச் செய்தியிலிருந்து கொஞ்சம் தப்பலாம் என்று நான் விடியவே வந்துவிடுவேன்.

செந்தில் கோயம்புத்தூர்க்காரன், எஞ்சினியர். லைன்-அப்பைச் சரிபார்க்கும் புரோகிராமை எழுதியவன். ஓர் அணியில் ஒன்பது பேர் பேட் செய்வார்கள். அதில் ஒருவர்தான் பிட்சர், அதாவது பந்தெறிபவர். அவரும் பெரும்பாலும் கடைசியில்தான் வருவார். இரண்டு பிட்சர் பெயர் வந்தால் புரோகிராம் பூட்டிக்கொள்ளும்.

நாங்கள் பார்த்துவந்த அணியின் மேனேஜர் ஒரு நிலைகொள்ளாத மனுஷன். தோற்றால் பேட்டிங் ஒழுங்கை மாற்றுவார், வென்றாலும் மாற்றுவார். அவசரத்தில் இரண்டு தடவை பழைய ஒழுங்கை அனுப்பி வாங்கிக்கட்டியிருந்தோம். இன்னொரு பிழை வந்தால் கொன்ட்ராக்ட் முடிந்தது என்று பெரிய கிளையன்ட் சொல்லிவிட்டான். அது போனால் செந்திலின் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். அவன் மனைவி போன மாதம்தான் ஊரிலிருந்து சட்டன் பகுதியில் இருந்த அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவளுக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.

2. இஷிடா சொன்னது

மைதானத்தில் எங்களுக்குத் தகவல் தருபவர் இஷிடா. போன் எடுத்தேன்.

"ஐந்தாவது பெயர் சரியா?"

"சரி."

"அவர் முந்தாநாள் பந்தெறிந்த பிட்சர் அல்லவா?"

"ஆமாம்."

"அவர் இன்று பேட் செய்வாரா?"

"இல்லை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் சொல்லமாட்டார். பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன். அந்த லீக்கில் எதிரணி தன் பிட்சர் யார் என்று முன்கூட்டிச் சொல்லாது. இடக்கையனா வலக்கையனா என்று தெரியாமல் யாரைப் போடுவது? அதனால் மேனேஜர்கள் சில வேளை ஓர் இடத்தில் ஆடப்போகாத ஒருவனின் பெயரைச் சும்மா போட்டுவைப்பார்களாம். எதிரி பிட்சர் யாரென்று தெரிந்த பிறகு, பொருத்தமான ஆளை அந்த இடத்துக்கு இறக்குவார்கள். விதிப்படி தவறே இல்லையாம்.

நேசன் அண்ணை வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தார். "வழமையா அஞ்சாவது ஒகுடாதானே? அவன்தான் வரப்போறான். அவன்ர பேரைப் போட்டு அனுப்புங்கோ. பிட்சரை அனுப்பினா அவங்கள் பிழையெண்டு துள்ளுவாங்கள்."

"அறிவிச்சது ஒகுடாவை இல்லையே அண்ணை."

"அறிவிச்சது, அறிவிச்சது எண்டு நிண்டா கொன்ட்ராக்ட் நிக்குமோ, தங்கச்சி?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. செந்தில் ஒகுடா என்று டைப் அடித்தான், அழித்தான், மறுபடி அடித்தான். எனக்குப் பார்க்கவே ஏலாமல் இருந்தது.

"உன்ர புரோகிராம், உன்ர விசா. நீயே சொல்லு தம்பி" என்றேன்.

அவன் ஒகுடாவின் பெயரை மறுபடி அழித்தான். "அந்த மேனேஜர் ஒரு நாளாச்சும் நாம நெனச்சத செஞ்சிருக்காராக்கா?" என்றான். பூட்டைத் திறந்து, அறிவித்த ஒழுங்கை அப்படியே அனுப்பினான்.

"போச்சு" என்று நேசன் அண்ணை கதிரையில் விழுந்தார்.

சொன்னதுபோலவே கிளையன்ட் போனில் வந்தான். அண்ணை ஒரு காதில் "சேர், சேர்" என்று கெஞ்சிக்கொண்டிருக்க, நான் இஷிடாவை ஸ்பீக்கரில் போட்டேன். எங்கள் அணிதான் முதலில் பேட்டிங். முதல் இருவரும் அவுட். அடுத்த இருவர் அவுட்டாகாமல் ஓடிப்போய் பேஸில் நின்றார்கள். ஐந்தாவது ஆளின் முறை. மைதானத்து இரைச்சல் மட்டும் கேட்டது.

"மாற்று வீரர்" என்றார் இஷிடா. அந்த மனுஷன் அங்கே ஏன் மூச்சு விட நின்றாரோ தெரியாது. "ஹிராட்டா."

ஒகுடா இல்லை! எதிரணி பிட்சர் இடக்கையன். ஒகுடாவும் இடக்கை பேட்டர்; இடக்கையன் எறியும் பந்தை இடக்கையன் அடிப்பது கஷ்டம் என்பதால் மேனேஜர் அவனை இறக்காமல் பெஞ்சிலேயே இருத்திவிட்டார். அன்று ஆட்டம் முடியும்வரை அவன் இறங்கவேயில்லை. போனில் கத்திக்கொண்டிருந்த கிளையன்ட், பிட்சரின் இடத்தில் மாற்று வீரர் வந்ததைக் கண்டதும் நடுவில் நிறுத்தி, "ஓகே" என்று வைத்துவிட்டான். எங்கள் ஊர்க்காரர் யாராவது என்றால் ஒரு நன்றியாவது சொல்லியிருப்பார்.

3. வேலைக்கு வருகிறவர்களுக்கு

பிழைபோலத் தெரிகிற பெயரைத் திருத்துவதற்கு முன்னால் போன் எடுத்துக் கேளுங்கள். மைதானத்தில் அறிவித்தது எதுவோ அதை அனுப்புங்கள். நடக்கும் என்று நீங்கள் நினைப்பதை அனுப்ப உங்களுக்குச் சம்பளம் இல்லை. இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அன்று நேசன் அண்ணை எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கி வந்தார். செந்தில் சாப்பிடவில்லை. படிக்கட்டில் போய் நின்று மனைவிக்குப் போன் எடுத்தான்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்ட்டேன். சாப்ட்டியா?"

அவள் ஏதோ கேட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இல்லம்மா, அழவெல்லாம் இல்ல. சளி புடிச்சிருக்கு."