சார்ஜன் அண்ணை எடுத்துத் தந்த நாலு அங்குலம்

கண்ணாடி மேசையில் விரித்திருந்த பச்சைத் துணியின் மேல் இரண்டு ரிவோல்வர்கள் கிடந்தன. ஒன்றின் குழல் இரண்டு அங்குலம், மற்றதன் குழல் நாலு அங்குலம். நெல்லியடியில் என் நகைக்கடைக்கு இரண்டு கடை தள்ளிக் கொள்ளை நடந்த நாளிலிருந்து கடைக்கு வருகிற எல்லோரையும் கொள்ளைக்காரராகவே பார்த்தேன். அலைந்து திரிந்து அனுமதிப்பத்திரம் எடுத்து, கொழும்பிலுள்ள அந்தத் துவக்குக் கடைவரை வந்துவிட்டேன். துணைக்கு வந்தவர் எங்கள் கடைக் காவலாளி. பொலிஸில் சார்ஜனாக இருந்து ஓய்வுபெற்றவர். கடையில் எல்லோருக்கும் அவர் சார்ஜன் அண்ணை.

நான் சின்னதைத்தான் கேட்டேன். பைக்குள் அடங்கும், சட்டென்று எடுக்கலாம் என்பது என் கணக்கு. அவர் இரண்டையும் மாறி மாறி என் கையில் தந்து, கையை நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். சின்னது கோழிக்குஞ்சுபோல விரல்களுக்குள் துடித்தது. நீளமானதில் முன்பாரம் இருந்தது. நடுக்கம் கொஞ்சம் அடங்கியது.

"பாத்தியளே முதலாளி, குட்டையன் உங்களோடை சேந்து நடுங்கிறான். நெடியவன் உங்களைப் பிடிச்சு நிப்பாட்டிறான்."

"சட்டெண்டு எடுக்கேலாமல் சுணங்குமே, அண்ணை?"

"சுணங்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "உதை அலுமாரியிலை வைச்சுப் பூட்டுங்கோ" என்றாள். சார்ஜன் அண்ணையும் அதையே சொன்னார். "கள்ளன் வந்தா, திறப்பு எங்கையெண்டு அவனையே கேக்கிறதோ?" என்று மடக்கிவிட்டு, வெற்றிலைச் சரையைச் செருகுவதுபோல அதை இடுப்பில் சாரக்கட்டில் செருகிக்கொண்டு திரிந்தேன். வளவுக்குள் என் நடையே மாறிவிட்டது. வீரம் என்று நான் நினைத்தேன். பாரம் இழுத்ததால் சரிந்த நடை என்று மனைவி சொன்னாள்.

ஒரு நாள் நித்திரை முறிந்து விடியவே எழும்பிவிட்டேன். சூரியன் கிளம்புகிற நேரம், பின்வளவில் செவ்வரத்தை மரம் சலசலத்தது. இலைகளுக்குள் ஒரு ஆள். கையில் நீளமாக ஏதோ. 'ஆர்?' என்று கேட்டிருக்கலாம். கேட்க நாக்கு வேண்டுமே. குசினி வாசலில் நின்று ரிவோல்வரை இழுத்தேன். குழலின் முனையில் குறி பார்க்கிற முள் சாரத்தில் கொழுவிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தேன். வந்தது சாரம். துவக்கா மானமா என்று வந்தால் குடும்பஸ்தன் எதைப் பிடிப்பான்? இரண்டு கையாலும் துணியைப் பிடித்தேன். துவக்கு அதற்குள் சுருண்டு கிடந்தது. இலைகள் விலகின. ஒரு கையில் கொக்கத்தடியும் மறுகையில் பூக்கூடையுமாகச் சார்ஜன் அண்ணை.

"முதல்லை சாரத்தைக் கட்டுங்கோ, முதலாளி. பிறகு சுடலாம்."

பிள்ளையாருக்குப் பூ ஆயச் சொல்லி என் மனைவி எப்போதோ அவரிடம் சொல்லி வைத்திருந்தாளாம். ஏழு மணிவரை குறட்டை விடுகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? அவர் என் சாரத்திலிருந்து துவக்கைப் பக்குவமாக விடுவித்து, ஆறு ரவைகளையும் கழற்றிப் பூக்கூடைக்குள் போட்டார். அப்போதுதான் கவனித்தேன். பகிடி விட்ட மனிதர் அவற்றை மூன்று தரம் எண்ணிப் பார்த்தார்.

தேத்தண்ணீர் குடிக்கும்போது சொன்னார்: "நெடியவனை எடுத்தது பாரத்துக்காக மட்டுமில்லை, முதலாளி. ஆரெண்டு கேக்க முந்தி உங்கடை பயம் சுட்டுப்போடும். அதுக்குக் கொஞ்சம் சுணக்கம் வேணும். கள்ளன் வந்தாலும் வருவான், வராமலும் விடுவான். உங்கடை ஆக்கள் நாங்கள் ஒவ்வொரு நாளும் வாறனாங்கள்."

அவருக்குச் சீனி போட மறந்திருந்தேன்; அவரும் சொல்லாமல் குடித்து முடித்தார். அன்று பின்னேரமே இருவருமாகப் போய்த் துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்தோம். வரும் வழியில் என் நடை நேராகிவிட்டதாக அவர் சொன்னார்.

சார்ஜன் அண்ணை காலமாகி மூன்று வருடமாகிறது. பூவுக்கு இப்போது அவர் மனைவி வருகிறார். மரம் அசைந்தால் இன்றைக்கும் என் நெஞ்சு முதலில் கொள்ளைக்காரனைத்தான் காண்கிறது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஆரது?" என்கிறேன். குரல் கீச்சென்றுதான் வரும். ஆனாலும் கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கிறேன்.

"நான்தான் தம்பி, பூவுக்கு."

"ஓம் அக்கா, ஆயுங்கோ."