ஒரு செம்பு உப்புத் தண்ணீர்

அந்தக் கண்ணாடிப் பெட்டியின் அருகில் எப்போதும் ஒரு பித்தளைச் செம்பு இருக்கும், நிறையக் கிணற்றுத் தண்ணீரோடு. சங்கரன்கோவிலில் நான் கணக்கெழுதிய அரிசி ஆலையில், பாய்லர் பார்த்த அண்ணாச்சி செய்துவைத்த பெட்டி அது. ஆலைக் கிணறு வாயில் வைக்க முடியாத உப்பு, பருப்புகூட வேகாது. அந்தத் தண்ணீரைப் பெட்டிக்குள் கறுப்புத் தட்டில் ஊற்றிவிட்டால் பகலெல்லாம் வெயில் காய்ச்சும். வெயில் தாழ்ந்ததும், நெல் அவித்து வீணாகப் போகும் நீராவியைத் தட்டுக்கு அடியில் குழாய் வழியாகத் திருப்பிவிடுவார். சாய்ந்த கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்து, நல்ல தண்ணீர் ஓரமாக வழியும். கிடைப்பது சில குடம். தெருவே அதற்குக் காத்துக் கிடக்கும்.

வாங்கும் பெண்களோ, தட்டு வற்றினால் ஊற்ற அவர் வைத்திருக்கும் செம்பிலிருந்து கொஞ்சம் உப்புத் தண்ணீரைக் குடத்தில் கலந்துகொண்டுதான் போவார்கள். வெறும் தண்ணீர் சப்பென்று இருக்கிறதாம். அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நான் ராவும் பகலுமா உப்ப எடுக்கேன், நீங்க திரும்பப் போடுதிய!" அவர் மட்டும் பிடிவாதமாகக் கலக்காமல் குடிப்பார்.

தட்டில் படியும் உப்பைத் தினமும் சுரண்ட வேண்டும். கண்ணாடி உடையுமென்று வேறு யாரையும் தொடவிட மாட்டார். தங்கை கல்யாணத்துக்குக்கூடத் தாலி கட்டி முடிந்ததும் ஓடிவந்துவிட்டார். அப்போதுதான், கடையநல்லூர்க்காரர் ஒருவர் மூலம் வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவருக்கு வேலை வந்தது. சம்பளம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கடலையே காய்ச்சுதானாம். ஒரு தடவ கண்ணால பாத்திரணும்" என்றார், சின்னப் பிள்ளைபோல.

முதலாளி நல்லவிதமாகத்தான் மறித்தார். "நீரு போயிட்டா பெட்டிய யாரு பாப்பா? ஆளு கிடைக்கட்டும் வே." பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். "நீங்க போயிட்டா நாங்க எங்கன போவோம் அண்ணாச்சி?" அவரால் யாரிடமும் முடியாது என்று சொல்ல முடியவில்லை. ஆளும் கிடைக்கவில்லை. வளைகுடா வேலை வேறொருவருக்குப் போனது.

இன்று என் வீட்டுச் சமையலறையில் ஓர் இயந்திரம் உப்பை எடுத்துவிடுகிறது. அந்தச் சப்பென்ற தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம், வேலை கைவிட்டுப் போன மறுநாள் காலை நினைவுக்கு வருகிறது. அண்ணாச்சி வழக்கம்போல உப்பைச் சுரண்டிப் போட்டார். ஒரு தம்ளர் நல்ல தண்ணீர் பிடித்தார். பிறகு அந்தச் செம்பை எடுத்து, தம்ளரில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் சாய்த்துக்கொண்டு குடித்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.