நகைக்கடை ரோஸ்மில்க்

தஞ்சாவூர் நகைக்கடையில் என் முதல் தங்கத்தை வாங்க உட்கார்ந்திருந்தேன். சேல்ஸ்மேன் கல் வைத்த தோடு ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, ஒரு தம்ளர் ரோஸ்மில்க்கையும் என் பக்கம் நகர்த்தினான்.

"குடிங்க மேடம்."

அந்த எசன்ஸ் வாசனை மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சின்ன வயதில், சம்பா அறுவடை முடிந்து அம்மா முதன்முதலாகத் தங்கம் வாங்கிய திருவாரூர்க் கடையிலும் இதே வாசனைதான். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ச் சேர்த்த காசு. முதலாளி தன் கையாலேயே ரோஸ்மில்க் கொடுத்தான். சிவப்புக்கல் தோட்டைக் கையில் வைத்து, "நல்ல கனம்டி" என்று அம்மா பூரித்துப்போனாள்.

மறுவருஷம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. அதே தோட்டை அதே கடைக்கு விற்கப் போனோம். அவன் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கல்லைப் பெயர்த்தான். உள்ளே அடைத்திருந்த அரக்கை உருக்கி வழித்தான். மிஞ்சிய தகட்டைத்தான் தராசில் போட்டான்.

"வாங்கறப்ப எல்லாத்தையும் சேர்த்துத்தானே எடை போட்டீங்க?" என்றாள் அம்மா.

"கல்லுக்கெல்லாம் காசு கெடையாதும்மா. வேணும்னா எடுத்துட்டுப் போ."

த்தூ! இவனெல்லாம் ஒரு மனுஷன்.

"கல்லைக் கழிச்சிட்டு எடை சொல்லுங்க" என்றேன் சேல்ஸ்மேனிடம். அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. பக்கத்து நாற்காலியில் ஒரு கிராமத்துப் பெண் மகளோடு வந்து உட்கார்ந்தார். நான் தொடாத தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான்.

"குடிங்கம்மா."