பிளக்கில் வைத்த பொட்டு

விஜயதசமிக்கு மறுநாள் பின்னேரம் நான் கொழும்புக்கு மெயில் ரயில் ஏற வேண்டும். மானிப்பாய் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை கொழும்பில் செய்முறைப் பரீட்சை. ரயிலைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். பண்டத்தரிப்பிலிருந்து என் அண்ணை ஓட்டும் வாடகைக் காரில் யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம். பின் ஆசனத்தில் என் பெட்டியை அணைத்தபடி அம்மா.

வழியில் மழை பிடித்தது. சண்டிலிப்பாயில் தெருவில் நின்ற வெள்ளத்தை அண்ணை வேகம் குறைக்காமல் கிழித்துக்கொண்டு போனார். அக்கரை ஏறியதும் கார் தும்மத் தொடங்கியது. பிறகு மாட்டு வண்டியொன்று எங்களை முந்திப் போனது.

"பெற்றோலிலை தண்ணி கலந்திட்டுது. காபரேற்றரைக் கழட்ட வேணும்," என்றார் அண்ணை.

"நீங்கள் கழட்டிப் பூட்டுறதுக்குள்ளை ரயில் கிளிநொச்சிக்குப் போயிடும்."

"அப்ப நீயே வந்து பாரன். உது கார், நெஞ்சாங்கூடு இல்லை."

இறங்கினேன். பெற்றோல் பழுதென்றால் இயந்திரம் முழுவதுமாகத் திணறும். இது ஒரே தாளத்தில் தடுக்கியது. சில சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யவில்லை. எனவே முதலில் பார்க்கவேண்டியது மின்பொறி. அம்மா குடை பிடிக்க, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மரப்பிடி போட்ட ஸ்குறூடிறைவரால் பொறி தரும் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் பக்கத்து இரும்போடு சேர்த்துத் தொட்டேன். அப்படித் தொட்டால் அந்தச் சிலிண்டருக்குப் பொறி போகாது. பின் இரண்டைத் தொட்டபோது சத்தம் இன்னும் மோசமானது, அவை நல்லவை. முன் இரண்டைத் தொட்டபோது எந்த மாற்றமும் இல்லை.

"அண்ணை, இந்த இரண்டும்தான்!"

குனிந்து பார்த்தேன். மழை இருட்டில், பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் நீல நூல்போல ஒரு வெளிச்சம் நெளிந்து இரும்புக்கு இறங்கியது. அது இறங்கிய வழி சந்தனமும் குங்குமமும். எங்கள் எக்ஸ்ரே அறையில் ஈரமான பீங்கானில் மின்சாரம் இப்படி வழுக்கி ஓடுவதைக் கண்டிருக்கிறேன்.

"பிளக்குக்கும் பொட்டு வைச்சனீங்களோ?"

"ஆயுதபூசை எண்டால் பிறகென்ன? நாலுக்கும் வடிவாய் வைச்சனான். நேற்று முழுக்க ஓடினதுதானே!"

"நேற்றுக் காய்ஞ்சு கிடந்தது. இப்ப வெள்ளம் அடிச்சு முன் இரண்டும் நனைஞ்சிட்டுது. இயந்திரத்தை நிப்பாட்டுங்கோ, துடைக்க வேணும்."

"தொடாதை!" அம்மா குடையோடு குறுக்கே வந்தார். "நல்ல காரியத்துக்குப் போறவள் பொட்டு அழிக்கிறதோ?"

அண்ணை இயந்திரத்தை நிப்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கோ தூரத்தில் ரயில் கூவியதுபோலக் கேட்டது. பயத்தில் கேட்டதாகவும் இருக்கலாம்.

"அம்மா, பொட்டு இரும்பிலை இருந்தால் ஒண்டும் செய்யாது. பீங்கானிலைதான் இருக்கக் கூடாது."

அம்மா கொஞ்சம் யோசித்தார். குடையை என் கையில் திணித்தார். தன் சேலைத் தலைப்பால் நாலு பிளக்கையும் ஈரம் போகத் துடைத்தார். விரலில் ஒட்டிய குங்குமத்தைப் பக்கத்து இரும்பில் அழுத்தி வைத்தார்.

"சரி, இடம் மாத்தியாச்சு. தம்பி, எடு காரை!" என்றார் அண்ணையிடம்.

இயந்திரம் ஒரே மூச்சில் பிடித்தது. நான் தெருவில் நின்று கைதட்டினேன். "ஏறடி விசரி!" என்று அண்ணை கத்தினார்.

ஸ்டேஷனில் பச்சைக் கொடி அசைந்துகொண்டிருந்தது. நான் பெண்கள் பெட்டிக்குள் பாய்ந்தேன். அண்ணை கூடவே ஓடிவந்து என் பயணப் பெட்டியை யன்னலால் உள்ளே தள்ளினார்.

"பாஸ் பண்ணாமல் வந்தியெண்டால் ஸ்டேஷனிலையிருந்து நடந்துதான் வரவேணும்!"

சிரிப்பும் மூச்சிரைப்புமாக யன்னலால் கையசைத்தேன். ரயில் வேகமெடுத்தது.