கடை முழுக்கக் கேட்கத் தட்டிய அக்கா

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன்; எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் ஓர் இணையக் கடையில் அந்த அக்காவைப் பார்த்தேன். மலேசியக் கடற்படைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் பேசிக்கொள்ள இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. அக்காவின் மகன் பயிற்சியை முடித்துவிட்டான். ஆனாலும் ஞாயிறுதோறும் வந்து, என்னைப் போல் இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பார். மூக்கு நுனியில் கண்ணாடி. ஒற்றை விரலால் தட்டுவார். தட்டும் சொல்லையெல்லாம் உரக்கச் சொல்வார்.

என் மகன் பயிற்சிக்குப் போனதிலிருந்து ஒரு போன்கூட இல்லை.

“என்ன கேக்கணும் அண்ணே?”

“சாப்பாடு ஒழுங்கா போடுறாங்களான்னு கேளுங்கக்கா.”

“அவ்ளோதானா? பஸ் ஏத்திட்டு அழுதீங்களா?”

“சே, இல்ல. அவனையே அழக்கூடாதுன்னு ஏசித்தான் அனுப்புனேன்.”

அவர் தட்டினார். “மை சன்... கோ... ஐ ஆல்சோ... கிரை...”

அந்தக் கடைசிச் சொல் எனக்கும் தெரியும். கணினியில் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிச் சிரித்தார்கள். காதெல்லாம் சுட்டது.

“ஏன்க்கா இப்படி?”

“பொய்னா சொல்லுங்க லா, அழிச்சிடுறேன்.”

நான் தலை குனிந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் செராஸிலிருந்து ஓர் அப்பா பதில் போட்டார். அக்கா அதைத் தமிழில், அதே சத்தத்தில் சொன்னார்: “சாப்பாடு நல்லா போடுறாங்களாம். அவரும் அழுதாராம், லோரிக்குள்ள உக்காந்து.”

நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் நிலையக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதது என் மனைவிக்கே தெரியாது. அந்த அக்காவுக்கு எப்படித் தெரிந்தது?

கிள்ளான், 1999, தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு.