மாடி வீட்டில் மைக்செட் பெட்டி

முப்பது வருடம் காரிமங்கலம் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் மைக்செட் கட்டியவன் நான், மாதப்பன். காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் திருவிழா எதுவானாலும் என் பெட்டிதான் முழங்கும். மகள் தருமபுரியில் மாடி வீடு பிடித்துக் கொடுத்ததும் எல்லாவற்றையும் விற்றேன். ஒரே ஒரு பெட்டியை மட்டும் விற்க மனம் வரவில்லை. மூன்றடி உயரம். பீரோவை உள்ளறைக்குத் தள்ளிவிட்டு அதை நடுவீட்டில் நிறுத்தினேன்.

"உங்களுக்குக் காது போயிடுச்சுங்க, டாக்டருகிட்ட காட்டுங்க" என்று என் மனைவி காசியம்மாள் இரண்டு வருடமாகக் கத்துகிறாள். மைக்செட்காரனுக்குக் காது மந்தம் என்றால் ஊரில் தலைகாட்ட முடியுமா? "ஆம்ப்ளிஃபயர்தான் வீக்கு" என்று சொல்லிச் சொல்லியே மூன்று ஆம்ப்ளிஃபயர் மாற்றிவிட்டேன்.

கீழ்வீட்டு நிர்மலாதேவி டீச்சர் ஒருநாள் மேலே வந்தார். வகுப்பில் கத்திப் பழகிய குரல் என்பதால் எனக்கு விளங்கியது.

"அண்ணா, நீங்க பாட்டு போட்டா எங்க வூட்டுல தட்டு டம்ளரெல்லாம் அதிருதுங்க."

அதிர்வை அடக்கக்கூடத் தெரியாதா எனக்கு? பெட்டிக்கடியில் தலையணை வைத்தேன். அப்புறம் நார் மெத்தை. அப்புறம் கேழ்வரகு மூட்டை. ஒவ்வொரு முறையும் பாட்டைப் போட்டுவிட்டுத் தெருக்கோடிக்கு நடந்துபோய் நின்று கேட்டேன். பெட்டியருகே நின்று சோதிக்கக் கூடாது, ஊர் எல்லைக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வேதம். தெருக்கோடியில் ஒன்றும் கேட்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பினேன்.

நான்காம் நாள் டீச்சர் வாசலிலேயே மடக்கினார். "ரோட்டுல போய் நிக்கிறீங்களேங்கண்ணா, எங்க சமையல்கட்டுல வந்து நில்லுங்க."

நின்றேன். ஸ்டாண்டில் தட்டுகள் கிடுகிடுவென ஆடின. ஆடியதைக் கண்ணால் பார்த்தேன், சத்தத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். சுவரில் கை வைத்தால் அதுவும் அதிர்ந்தது. மூட்டை அமுங்கி, பெட்டி சுவரோடு சாய்ந்து கிடப்பது அப்போதுதான் உறைத்தது.

பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் வாங்கி, வெட்டி மடித்து, மூட்டை இருந்த இடத்தில் நான்கு மூலைக்கும் வைத்தேன். அதன்மேல் ஒரு கிரானைட் பலகை. பலகைமேல் பெட்டி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி. பாட்டைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு எதிரில் உட்கார்ந்தேன்.

ஒன்றுமே இல்லை. இந்த ஆம்ப்ளிஃபயரும் போச்சா என்று ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தபோது டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"தட்டு அசையவே இல்லீங்கண்ணா! பாட்டு மட்டும் மெதுவாக் கேக்குது. நல்ல பாட்டுங்க."

பாட்டா? காசியம்மாளைப் பார்த்தேன். அவள் விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தரை அதிர்ந்ததைத்தான் பாட்டு என்று உள்ளங்காலால் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

டீச்சர் இறங்கிப் போனதும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். "நாளைக்கு டாக்டருகிட்ட போலாமா?" என்றேன்.

காசியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள்.

"கேக்கல புள்ள, கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றேன், முதல் முறையாக.