எலுமிச்சம்பழத்தில் கவிழ்ந்த எஞ்சின்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என்னைப்போல ஒரு மடையனை நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் தேடிப் பிடிப்பது சிரமம். ஊரே பொய்யன் என்று முடிவுகட்டிவிட்ட ஒருவன், தான் சொன்னது உண்மைதான் என்று நிரூபிக்க, தானே உட்கார்ந்து ஒரு சாட்சியைத் தகரத்தில் வெட்டி, ரிவிட் அடித்து, பெயிண்ட் பூசிக் கொண்டுவந்து நிறுத்தினால் அதை யார் நம்புவார்கள்? இந்த எளிய கேள்வி, மாதக்கணக்கில் தகரம் வெட்டிக் கையெல்லாம் கீறல் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், என் மண்டைக்குள் ஒருமுறைகூட எட்டிப்பார்க்கவில்லை. மண்டை முழுக்க எஞ்சின் நின்றிருந்தது, கேள்விக்கு இடமில்லை.

அந்த எஞ்சினை நினைத்தால் இன்றைக்கும் முதலில் வருவது அதன் சத்தமல்ல, ஒரு புளித்த வாடை. ஆத்தூருக்குக் கிழக்கே என் மாமாவின் பயிர்க்காட்டை ஒட்டி ஒரு ஜவ்வரிசி மில் இருந்தது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அரைத்த கழிவுநீர் அதன் பின்னால் தேங்கி, வெயில் ஏற ஏற, பழைய மோரில் ஈரத்துணியை ஊறப்போட்டதுபோல நாறும். மில்லுக்கும் காட்டுக்கும் நடுவேதான் சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் மீட்டர்கேஜ் பாதை, அந்த ஊர்க்காரர்கள் வாயில் "சின்னத் தண்டவாளம்". ஒரு கோடை விடுமுறையில், காட்டு வேலைக்காரர்களுக்குச் சோறு கொடுத்துவிட்டு, காலிப் போசிப் பாத்திரத்தோடு என் அக்கா வளர்மதியும் நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்டவாளத்தோரம் திரும்பி வந்தபோது, பெட்டி எதையும் இழுக்காமல், ஒண்டியாக, முதல்முறை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப்போலத் தயங்கித் தயங்கி அந்த டீசல் எஞ்சின் வந்தது. அந்தப் பாதையில் வழக்கமாக வருபவற்றுக்கு ஓட்டுநர் அறை ஒரு கோடியில் இருக்கும், மீதியெல்லாம் நீண்ட மூக்கு. இதற்கோ அறை நட்டநடுவில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தாழ்ந்த மூக்கு. ஒரு ஆள் நடுவில் குந்தி இரண்டு திசையிலும் காலை நீட்டிக்கொண்டதுபோல. தலையில் துண்டு கட்டிய ஓட்டுநர் சன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு ஒரு ஹாரன் தட்டிவிட்டுப் போனார். அந்த வகை எஞ்சின்கள் மிகக் கொஞ்சமே செய்யப்பட்டவை என்பதும், வழிதவறிய விருந்தாளியாகவே அது அங்கே வந்துபோனது என்பதும் எனக்குப் பிற்காலத்தில் தெரிந்தவை. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஊருக்குப் போய்ச் சொல்ல எனக்கு ஒன்று கிடைத்துவிட்டது என்பதுதான்.

சொல்லப்போன ஊர் சாதாரண ஊரில்லை. நாமக்கல்லுக்கு அப்போது ரயில் கிடையாது. கிடையாதே என்ற கவலையும் கிடையாது. கவலை இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் ஆட்கள் ஏளனத்தை வைத்திருந்தார்கள். என் அப்பா லாரிக்கு "பாடி" கட்டும் பட்டறை நடத்தினார். வெறும் சேஸிஸாக, எலும்புக்கூடாக வந்து நிற்கும் வண்டிக்கு மரமும் தகரமும் வைத்து உடம்பு கட்டி, "மூஞ்சி" எழுதி அனுப்புவது தொழில். அங்கே வேலை செய்த யாருடைய கணக்கிலும் ரயில் என்பது வண்டியிலேயே சேர்த்தி இல்லை. அதற்கு முன்னால் போகிறவனை முந்தத் தெரியாது, மாடு வந்தால் ஒடித்து ஒதுங்கத் தெரியாது, டீக்கடையைக் கண்டால் நிற்கக்கூடத் தெரியாது. பட்டறையின் பெயிண்டர் மாரி அண்ணன், லாரி நெற்றியில் மயில் எழுதிக்கொண்டே, "ஸ்டேரிங் இல்லாத வண்டிய ஓட்றவன் டிரைவராக்கும்? அவன் சும்மா குந்தியிருக்கறவன்" என்று தீர்ப்புச் சொல்லுவார்.

எனக்கோ ஏற்கெனவே நல்ல பெயர். கொல்லிமலைக்குப் போன பஸ்ஸில் படிக்கட்டு வரைக்கும் சிறுத்தை வந்ததாகவும், கண்டக்டர் அதை விசில் ஊதி இறக்கிவிட்டதாகவும் நான் ஒருமுறை சொல்லியிருந்தேன். அதிலிருந்து பட்டறையில் எனக்குப் பெயர் "ரீலு". முதலாளி மகன் என்பதால் மரியாதை குறையாமல் "ரீலுத் தம்பி". அந்தப் பெயர் பட்டறையைத் தாண்டித் தெருவுக்கு வந்து, தெருவைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டிருந்தது. ஆகவே வாழ்க்கையில் முதன்முதலாகக் கையில் கிடைத்த ஒரு நிஜத்தை வைத்து அதைக் கழுவிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் சொல்லுகிற வாய் பழைய வாய்தானே. கொளுத்தும் வெயில், தண்டவாளம், ஈ காக்கா கிடையாது, நான் ஒருத்தன் மட்டும் நிற்கிறேன் என்றுதான் ஆரம்பித்தேன். கதைக்கு அது தேவையாக இருந்தது. அக்காவின் பின்னால் காலிப் போசியைத் தூக்கிக்கொண்டு போனவன் பார்த்த எஞ்சினைவிட, தன்னந்தனியாக நின்றவன் பார்த்த எஞ்சின் எப்படியும் கொஞ்சம் பெரிதல்லவா.

முழுக்கக் கேட்டுவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல முன்னாடி எது?"

"ரெண்டுமே முன்னாடிதானுங்கப்பா."

"ரெண்டு முன்னாடி வெச்ச வண்டி உன்ற மாமனூர்ல மட்டும் ஓடுது போல. சாமி, ஊட்டுக்குள்ள என்ன வேணா சொல்லிக்க. பட்டறைல சொல்லாத. இங்க வண்டி கட்றவங்க இருக்கறோம்."

பட்டறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் நான் எஞ்சின் கட்ட முடிவு செய்தேன். கட்டிக் காட்டினால் "ரீலு" செத்துப்போவான் என்று உறுதியாக நம்பினேன்.

என்னிடம் படம் இல்லை, அளவு இல்லை. இருந்த ஒரே அளவுகோல் சன்னலில் முழங்கை வைத்திருந்த அந்த ஓட்டுநர். மாரி அண்ணனை ஒரு லாரிக் கதவில் அதேபோல முழங்கை வைத்து நிற்கச்சொல்லி, அவரைச் சுற்றி அறையின் உயரம் இவ்வளவு, மூக்கின் நீளம் இவ்வளவு என்று ஞாபகத்திலிருந்து முழக்கணக்கில் அளந்து, பிறகு ஒரு முழத்துக்கு நான்கு விரற்கடை என்று குறுக்கினேன். கயிற்றுக் கட்டில் நீளம் வந்தது. அடிச்சட்டத்துக்குப் பாடி கட்டி மிஞ்சிய மரத்துண்டுகள். மூக்குகளுக்குக் கடலை எண்ணெய் டின்களைப் பிரித்து, சுத்தியலால் தட்டி நிமிர்த்திய தகரம். கைப்பிடிக் கம்பிகளுக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி. மூக்கின் பக்கவாட்டில் எஞ்சின் மூச்சுவிடும் வலைக்கு, எங்கள் ஊரில் வாசலுக்கு வாசல் கிடைக்கும் கோழிக்கூண்டு வலை. முகப்பு விளக்குக்கு ஒரு செத்துப்போன டைனமோ விளக்கு. எல்லாம் அளவாகத்தான் வந்தன, சக்கரம் மட்டும் வரவில்லை. கிடைத்தவை எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரிய பழைய பேரிங்குகள். ஒவ்வொன்றின் உள்பக்கமும் ஒரு பெரிய வாஷரை வைத்து இறுக்கி, தண்டவாளத்தைவிட்டு நழுவாமல் பிடிக்கும் விளிம்பு என்றேன். தண்டவாளம் எங்கே என்று கேட்டார்கள். அதற்குத் தனியாக யோசிக்க வேண்டும் என்றேன்.

இதற்கு நடுவில் மாரி அண்ணன், நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு மூக்கில் புருவத்தோடு இரண்டு கண்களையும், இன்னொரு மூக்கில் "இடைவெளி விடவும்" என்றும் எழுதிவைத்துவிட்டார். கெட்ட எண்ணமில்லை, மூஞ்சி இல்லாமல் ஒரு வண்டி நிற்பதை அவர் கை பொறுக்கவில்லை. தின்னர் போட்டு இரண்டையும் துடைத்து எடுப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு மூக்குகளின் அடியில் இருந்த குறுக்குப் பலகைகளில் கறுப்பும் மஞ்சளுமாகச் சாய்கோடு போட்டேன். அந்த நேரத்தில் பட்டறைக்குக் காப்பி கொண்டுவந்த அக்கா, சும்மா போகாமல் நின்று பார்த்தாள்.

"கோடெல்லாம் ரெண்டு பக்கமிருந்தும் சாஞ்சு வந்து நடுவுல கூடோணும்டா. நீ ஒரே பக்கமா சாச்சுப் போட்டிருக்கற."

"பாத்தவனுக்குத் தெரியாதாக்கும்? நீ டம்ளர எடுத்துட்டுப் போ."

வாசலில் கோலம் போடுகிறவள் எஞ்சினுக்கும் யோசனை சொல்ல வந்துவிட்டாள் என்று நானும் மாரி அண்ணனும் சிரித்தோம். ரயில் விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒன்றுபட்டது அன்றைக்கு மட்டும்தான். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அது பண்டிகை என்பதைவிட அணிவகுப்பு. பட்டறையைக் கழுவி, வெல்டிங் மெஷினிலிருந்து சுத்தியல் வரை சந்தனம் அப்பி, கட்டிமுடித்த லாரிகளை வாழைக்கன்றோடு வரிசையாக நிறுத்துவார்கள். லாரி முதலாளிகள், டிரைவர்கள், கிளீனர்கள், அவர்கள் வீட்டார் என்று பட்டறை கொள்ளாத கூட்டம். "அதையும் வரிசைல நிறுத்துங்கடா, கட்டுன வண்டிதான்" என்று அப்பா சொன்னபோது அவர் உதட்டோரம் கோணியதை நான் கவனிக்கவில்லை. ஆறு சக்கர லாரிகளின் கடைசியில், கழுத்தில் சாமந்தி மாலையோடு என் எஞ்சின் நின்றது. நானும் புதுச்சட்டையோடு பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரில் யார் அதிகக் கோமாளி என்று சொல்வது கடினம்.

பூசணிக்காய் உடைத்தபின் ஒவ்வொரு வண்டிக்கும் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். டிரைவர் வண்டியை எடுத்து முன்னால் நகர்த்த, பழம் நசுங்கவேண்டும். அப்படி ஒன்றொன்றாக நசுக்கிக்கொண்டு வந்து, கூட்டம் முழுக்க என் எஞ்சின் முன்னால் நின்றது. மாரி அண்ணன் கையில் பழங்களோடு குனிந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ரீலுத் தம்பி, முன்னாடி எதுன்னு சொல்லுங்க. பழத்த எங்க வெக்கறது?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை; நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. ஒரு பக்கமாகக் கையைக் காட்டிவிட்டால் போதும், பூஜை முடிந்துவிடும். ஆனால் ஒரு பக்கத்தைக் காட்டினால், இத்தனை மாதமாக இரண்டுமே முன்னாடி என்று நான் சொன்னதெல்லாம் என் வாயாலேயே பொய்யாகிவிடும். ரீலு சாகமாட்டான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் வைங்க" என்றேன்.

வைத்தார். கூட்டத்திலிருந்த ஒரு டிரைவர், மிகுந்த கவலையோடு, அப்படியென்றால் இது போகிற வண்டியா வருகிற வண்டியா என்று விசாரித்தார். அப்பா, "தள்ளு" என்றார். தள்ளினேன். பேரிங் பழத்தின்மேல் ஏற முயன்றது, பழம் மசியவில்லை, பேரிங்கும் விடவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, என் கோடை விடுமுறையின் நிஜம் முழுவதும், மாலையோடு, மெதுவாக, மரியாதையாகப் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. ஓட்டுநர் அறை கழன்று தனியாகப் போயிற்று. பழம் மட்டும் கீறல்கூட இல்லாமல் உருண்டு போய் அப்பாவின் காலடியில் நின்றது. அவர் அதைக் குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு அறிவித்தார்.

"நல்லவேளை, பழத்துக்கு ஒண்ணும் ஆகல."

சிரிப்பு எவ்வளவு நேரம் ஓடியது என்று எனக்குத் தெரியாது. என் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்குக்கூட அவளுக்கு இதில் அக்கறை இல்லையே என்று அவள்மேலும் கோபம் வந்தது.

எஞ்சினைக் கோழிகள் எடுத்துக்கொண்டன. ஒரு மூக்கில் ஒரு கோழியும் மறு மூக்கில் ஒரு கோழியும் அடைகாத்தன. எது முன்னாடி என்று அவை சண்டை போட்டுக்கொண்டதில்லை. ரீலு என்ற பெயர் எனக்கு மீசை முளைத்து, வேலை கிடைத்த பிறகும் கூடவே வந்து, கல்யாணப் பந்தலில் பெண்வீட்டார் காதுவரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்போது நாமக்கல்லுக்கு ரயில் வந்துவிட்டது. சும்மா குந்தியிருக்கிறவன் ஓட்டும் வண்டியில், அன்றைக்குச் சிரித்தவர்களெல்லாம் கீழ் பெர்த்துக்குச் சண்டை போடுகிறார்கள். அப்பாவும் அவர்களில் ஒருவர். ஆத்தூர் பக்கத்துச் சின்னத் தண்டவாளத்தைப் பிடுங்கி அகலப் பாதை போட்டுவிட்டார்கள். நடுவில் குந்திய அந்த எஞ்சின் எந்த இரும்புக்கடையில் எடைக்குப் போனதோ. கேட்டால் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. என்னை அது கவிழ்த்ததைவிட அதிகமாக நான் அதைக் கவிழ்க்கவில்லை.

ஆனால் மடமை அவ்வளவு சுலபத்தில் இரும்புக்கடைக்குப் போவதில்லை. வழுக்கை விழுந்த பெரிய மனிதர்கள் பழைய எஞ்சின்களின் பச்சை எந்தப் பச்சை என்று நாள் முழுக்க ஒருவரையொருவர் கேவலப்படுத்திக்கொள்ளும் ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் நானும் இருக்கிறேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா. போன மாதம் அந்தக் குழுவில் யாரோ ஒரு பழைய புகைப்படம் போட்டார்: மீட்டர்கேஜ், நட்டநடுவில் அறை, இரண்டு பக்கமும் தாழ்ந்த மூக்கு. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டி, படத்தைப் பெரிதாக்கி, போனைத் தலைகீழாகவும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல முன்னாடி எது?" என்று கேட்டு, முறுக்கைக் கடிக்கப் போய்விட்டார்.

சரி, குமாரபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருக்கும் அக்காவுக்காவது அனுப்புவோம் என்று அனுப்பினேன். ரீலு ரீலு என்றீர்களே, இப்போது பாருங்கள் என்று கீழே ஒரு முழநீளத்துக்கு எழுதியும் வைத்தேன். அனுப்பிய பிறகுதான் படத்தை நிதானமாகப் பார்த்தேன். மூக்கின் அடியிலிருந்த குறுக்குப் பலகையில் கறுப்பும் மஞ்சளுமான கோடுகள் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்ந்து வந்து, சரியாக நடுவில் கூடியிருந்தன. காப்பி டம்ளர் ஞாபகம் வந்தது. கோடு கூடும் என்று அன்றைக்கே சொன்னாயே, உனக்கு எப்படித் தெரியும் என்று இன்னொன்று அனுப்பினேன். தறிச்சத்தத்துக்கு நடுவில் அவள் எப்போதும் நீட்டி எழுதுவதில்லை, பதில் வந்தது.

"நானும் உன்ற பக்கத்துலதான் நின்னேன், யாராச்சும் என்னையக் கேட்டீங்களா."